பூட்டுப் பட்டறையும் சூரியனும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேலேறி மேற்குத் திசையை நோக்குவோர்க்கு, மழை ஓய்ந்த மாலைகளில், பழனி மலைத்தொடர் நீலச் சுவர்போல் நீண்டு கிடப்பது தெரியும். அந்தச் சுவரின் உச்சியில், கோடைக்கானலில், நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கின்ற ஒரு கூடம் இருக்கின்றது. 1899ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது அது. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாரிக்கொண்டு போன பின்னர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் நம் நாட்டுப் பருவமழைக்கும் தொடர்புண்டோ என்ற ஐயம் ஆட்சியாளர்க்கு எழுந்தது. அந்த ஐயமும் அக்கூடம் எழுவதற்கு ஒரு காரணமாயிற்று. பஞ்சத்தில் மாண்டவர்களின் நினைவு அதன் அடித்தளத்தில் கிடக்கின்றது என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. கோடைக்குச் செல்லும் நம்மவர்கள் ஏரியைச் சுற்றுகின்றார்கள். யூகலிப்டஸ் தைலம் வாங்குகின்றார்கள். அந்தக் கூடத்தின் பக்கம் திரும்புவோர் மிகச் சிலரே.

1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜான் எவர்ஷெட் என்பார் அங்கிருந்துதான் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். உலக விஞ்ஞான நூல்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே குறிக்கின்றன. அக்கரும்புள்ளிகள் வலிய காந்தப்புலம் உடையவை என்பதை அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்காவில் ஹேல் என்பார் கண்டிருந்தார். கொதிக்கின்ற வாயுவும் காந்தமும் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்ற நாடகத்தை நம் மலைமேலிருந்து ஒருவர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். ஆனால் சூரியன் எதனால் எரிகின்றது என்ற கேள்விக்கு அன்று அவரிடம் விடையில்லை. உலகில் எவரிடமும் இல்லை. 1920இல் எடிங்டன் வழிகாட்டினார். 1930களின் இறுதியில் பெத்தே கணக்கை முடித்துக் கொடுத்தார். ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. இணையும்போது எடையில் ஒரு சிறு பங்கு குறைகின்றது. குறைந்த எடைதான் ஒளியாகவும் வெப்பமாகவும் நம்மை வந்தடைகின்றது. ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே இவ்வாறு மாறுகின்றது. தொழுகை நேரங்களைச் சூரியனின் நிழலால் அளந்து பழகிய நம் முன்னோர்க்கு இச்செய்தி எட்டியிருந்தால் எவ்வளவு வியந்திருப்பார்கள்!

இதையே மண்ணில் செய்து மின்சாரம் எடுக்க முடியுமா? கேட்பதற்கு எளிது. சூரியன் தன் பெரும் பாரத்தினாலேயே தன் நெருப்பை அமுக்கி வைத்துக்கொள்கின்றது. அதன் நடுவில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. நம்மிடம் அந்தப் பாரம் இல்லை. ஆகவே பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டியிருக்கின்றது. அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து மின்னேற்றம் பெற்ற வாயுவாகின்றன. பிளாஸ்மா என்பது அதன் பெயர். எந்தப் பாத்திரத்தில் அதை வைப்பது? சுவரைத் தொட்டால் சுவர் கெடும். அதைவிட விரைவாக பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துபோகும். மின்னேற்றம் உடையது என்பதனால் காந்தப்புலத்தால் அதை அந்தரத்தில் கட்டி வைக்கலாம். வளைய வடிவான அந்தக் காந்தக் கூண்டை ரஷ்யர்கள் 1950களில் அமைத்து, டோக்கமாக் என்று தம் மொழிச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு வரலாறு சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1968இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் கூடிய மாநாட்டில், தங்கள் டோக்கமாக் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரி கண்டதாக ரஷ்யர்கள் அறிவித்தார்கள். மேல்நாட்டார் நம்பவில்லை. பனிப்போர் உச்சத்திலிருந்த காலம் அது. அவ்வேளையில் ரஷ்யத் தலைவரான ஆர்ட்சிமோவிச், 'நீங்களே வந்து அளந்து பாருங்கள்' என்று ஆங்கிலேயரை அழைத்தார். கல்ஹாம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு சிறு குழு லேசர்க் கருவிகளைச் சுமந்துகொண்டு மாஸ்கோ சென்றது, 1969இல் அளந்தது, ரஷ்யர் சொன்னது உண்மையென்று உலகுக்கு எடுத்துரைத்தது. பகைவன் வீட்டுக்கே சென்று அவன் கணக்கைச் சரிபார்த்து, சரியென்று சொல்லிவரும் நேர்மை எல்லாத் துறைகளிலும் காணக்கிடைப்பதன்று. அக்குழுவில் இருந்த டெரிக் ராபின்சன் என்ற இளைஞரைப் பின்னும் நாம் சந்திக்கப் போகின்றோம்.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் நம் தங்கையின் மகன். எம்.எஸ்ஸி.யில் பௌதிகம் முடித்தவன். சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு வந்து, இந்த ஆராய்ச்சியில் சேர்வதற்காகக் குஜராத் செல்ல எண்ணியிருப்பதாகவும், 'அத்தாவிடம் நீங்கதான் பேசணும் மாமா' என்றும் சொல்லி நின்றான். அவன் அத்தாவோ அவனைத் துபாய்க்கு அனுப்ப எல்லாம் பேசி முடித்திருந்தார். மகள் ஒருத்திக்கு நிக்காஹ் நிற்கின்றது. பட்டறைக் கடன் ஒன்று நிற்கின்றது. மாதந்தோறும் வரக்கூடிய திர்ஹத்தை விட்டுவிட்டு, இன்னும் எங்குமே ஒரு விளக்கை எரியவிடாத ஒரு நெருப்பின் பின்னால் மகனை அனுப்பு என்று ஒரு தகப்பனிடம் சொல்வது இலேசான காரியமா?

நம் மச்சான் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது; ஆனால் அதற்கு முன்பே பட்டறைகள் பல மூடிவிட்டன. அலிகார் பூட்டும் எந்திரப் பூட்டும் குறைந்த விலைக்கு வந்து இறங்கியபின், மாங்காய்ப் பூட்டை அரத்தால் இழைத்து இழைத்துச் செய்யும் கைகள் குறைந்துபோயின. அதன்மேல் 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு. பகலில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல், பாலிஷ் போடும் மோட்டார் ஊமையாய் நிற்க, சொன்ன தேதியில் சரக்கு அனுப்ப முடியாமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். மின்சாரம் என்றால் என்னவென்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் அவர் கேட்ட முதற்கேள்வி நேரானது.

"ஏன் மச்சான், இவன் சொல்ற அந்த அடுப்புல கரண்ட் எப்ப வரும்?"

இக்கேள்விக்கு உலகம் எழுபது ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் சொல்லி வருகின்றது: இன்னும் இருபது ஆண்டில். அவ்விடையை முதலில் மொழிந்தோருள் ஒருவர் நம் நாட்டவர் என்பது பலர் அறியாதது. 1955இல் ஜெனீவாவில் அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவுச் சக்தியைக் கட்டுப்படுத்தி வெளிக்கொணரும் வழி கண்டுபிடிக்கப்படும் என்று துணிந்து கூறினார். 1975 வந்தது, போயிற்று. அதை மறைத்து மச்சானிடம் பேச நமக்கு மனம் வரவில்லை. உள்ளபடியே சொன்னோம். அவர் சிரித்தார். 'அப்ப இவன் பேரன் காலத்துல' என்றார்.

மருமகன் அதற்கு விடை சொன்னான். இப்போது புதிதாய் ஒரு வழி இருக்கின்றது. எந்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதற்குப் பதிலாக அதன் வடிவத்தையே மாற்றிச் சிறிதாக்குவது. அதனால் காலமும் செலவும் குறையலாம் என்றான். அவன் நம் கையிலிருந்த தஸ்பீஹைக் காட்டியே விளக்கினான். வழக்கமான டோக்கமாக் ஓர் உளுந்துவடையைப் போன்றது; நடுவில் அகன்ற ஓட்டை, சுற்றிலும் பிளாஸ்மா வளையம். அந்த ஓட்டையை இறுக்கிக்கொண்டே வந்தால் வளையம் பருத்து, ஏறக்குறைய ஓர் உருண்டையாகிவிடும். தஸ்பீஹ் மணியைப்போல நடுவில் ஒரு நூல் நுழையும் துவாரம் மட்டுமே மிஞ்சும். உருண்டை டோக்கமாக் என்று இதைத்தான் சொல்கின்றார்கள்.

வடிவம் மாறினால் என்ன இலாபம்? நம் ஊர் வெங்காய மண்டியின் மொழியில் சொல்லலாம். காந்தப்புலம் என்பது குடோன் வாடகை. பிளாஸ்மாவின் அழுத்தம் உள்ளே அடுக்கி வைக்கின்ற சரக்கு. வழக்கமான எந்திரங்களில் நூறு ரூபாய் வாடகைக்குச் சில ரூபாய்ச் சரக்கே வைக்க முடிகின்றது. அதற்குமேல் அடுக்கினால் மூட்டை சரிந்து விழுகின்றது. உருண்டை வடிவில் காந்தக் கோடுகள் நடுத்தண்டை ஒட்டி நெடுந்தூரம் சுற்றிச் செல்கின்றன. அங்கேதான் புலம் வலிது. பிளாஸ்மாவும் அங்கேதான் அடங்கி நடக்கின்றது. ஆகவே அதே வாடகைக்கு அதிகச் சரக்கு. 1980களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மார்ட்டின் பெங் முதலானோர் இதைக் கணக்கில் காட்டினார்கள். கணக்கைக் கையால் செய்து பார்த்தது கல்ஹாம். ஆலன் சைக்ஸ் என்பாரின் முயற்சியால், பெரும்பணம் இல்லாமல், கிடைத்த உதிரிப் பாகங்களையும் இரவல் கருவிகளையும் கொண்டு 'ஸ்டார்ட்' என்ற சிறு எந்திரத்தை அமைத்தார்கள். 1991இல் அது இயங்கத் தொடங்கியது. 1998இல் நிறுத்தப்படும் முன்னர், நூற்றுக்கு நாற்பது அளவு சரக்கைத் தாங்கிக் காட்டிவிட்டது. மாஸ்கோவுக்கு லேசர் தூக்கிச் சென்ற டெரிக் ராபின்சன் அந்நாளில் கல்ஹாம் இணைவு ஆராய்ச்சியின் தலைவராய் இருந்தார். பட்டறைக்காரர்க்கு இவ்வரலாறு பிடித்துப்போயிற்று. பழைய இரும்பைப் பொறுக்கி எந்திரம் செய்தவர்கள் என்றதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. தஸ்பீஹ் மணி ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல இவ்வளவு சின்ன ஓட்டை. இதுக்குள்ள என்ன போகும்?" என்றார்.

விஞ்ஞானிகளின் உறக்கத்தைக் கெடுக்கின்ற கேள்வியும் அதுவேதான். சுற்றிலும் உள்ள காந்தச் சுருள்கள் அத்தனையின் மின்னோட்டமும் அந்த ஒற்றை நடுத்தண்டின் வழியாகத்தான் சென்று திரும்ப வேண்டும். வழக்கமான டோக்கமாக்கில் பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டத்தைத் தொடக்கிவிடும் பெரிய கம்பிச்சுருளும் அவ்வோட்டையில்தான் அமர்கின்றது. இங்கே அதற்கு இடமில்லை. எரிபொருளாக டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது பிறக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்கள் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றுக்கு மின்னேற்றம் கிடையாது. எந்தக் காந்தமும் தடுக்காது. நாற்புறமும் பாய்வதுபோல நடுத்தண்டின்மேலும் பாய்ந்து உலோகத்தைக் கெடுக்கின்றன. தடுப்பதற்குப் போதிய தடிமனில் கவசம் வைக்கவும் இடமில்லை. இதைச் சொன்னபோது மச்சான், "சாவித் துவாரம் சிறுத்தாப் பூட்டுக்குப் பலம், சாவி மெலிஞ்சு முறிஞ்சு போகும். ரெண்டும் பார்த்துத்தான் இழைக்கணும்" என்றார். மருமகன் நம்மைப் பார்த்தான். அவன் படித்த புத்தகங்களில் இப்படி ஒருவரும் எழுதவில்லை போலும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1999 முதல் இயங்கிய உருண்டை எந்திரம் புதுப்பிக்கப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டே காந்தச் சுருள் ஒன்று பழுதுற்றது. அதைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் சென்றன. இத்துறையில் ஒரு சுருள் கெட்டால் ஓர் இளைஞனின் முனைவர் பட்டக் காலமே கழிந்துபோகும் என்பதையும் நாம் ஒளிக்கவில்லை. மறுபக்கம் நம்பிக்கைக்கும் இடமுண்டு. கல்ஹாமில் ஸ்டார்ட்டுக்குப் பின்வந்த மாஸ்ட் என்ற எந்திரம் பெரிதாக்கப்பட்டு 2020 அக்டோபரில் புது உருவில் எரிந்தது. வெளியேறும் கழிவு வெப்பத்தின் கடுமையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் வழியை அடுத்த ஆண்டே காட்டியது. ஆக்ஸ்போர்டுக்கு அண்மையில் ஒரு தனியார் நிறுவனத்தின் சிறிய உருண்டை எந்திரம் 2022இல் பத்துக் கோடி டிகிரியைத் தொட்டது. அதிகக் குளிர் வேண்டாத புதுவகை மீக்கடத்தி நாடாக்கள் வந்திருக்கின்றன; மெல்லிய நடுத்தண்டிலேயே பெருமின்னோட்டத்தைச் செலுத்த அவை உதவக்கூடும். பிரிட்டிஷ் அரசு இவ்வடிவில் ஒரு மின்நிலையத்தையே கட்ட முடிவு செய்து, 2022இல் நாட்டிங்காம்ஷயரிலுள்ள வெஸ்ட் பர்ட்டன் என்ற இடத்தைத் தேர்ந்தது. அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. 2023இல் அந்த நிலக்கரி உலை அணைந்தது. அதே மண்ணில் 2040ஆம் ஆண்டளவில் இணைவு மின்சாரம் என்பது அவர்களின் இலக்கு. இதுவும் இருபது ஆண்டுக் கணக்கிற்கு அருகில்தான் வருகின்றது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்!

நம் அண்டை அயலிலும் இம்முயற்சி இல்லாமலில்லை. பாகிஸ்தானியர் இஸ்லாமாபாத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள்ளே சிறு உருண்டை டோக்கமாக் அமைத்திருக்கின்றார்கள். கஜகஸ்தானில், ஒருகாலத்தில் அணுகுண்டுச் சோதனைக்கு உழைத்த குர்ச்சதோவ் நகரிலேயே, உருண்டைக்கும் வளையத்திற்கும் இடைப்பட்ட வடிவில் ஒன்றைக் கட்டி, எந்த உலோகம் இவ்வெப்பத்தைத் தாங்கும் என்று ஆராய்கின்றார்கள். குண்டு வெடித்த மண்ணில் விளக்குக்கு வழி தேடுகின்றார்கள், வாழ்க அவர்கள்.

நம் நாடு தேர்ந்தது வழக்கமான வளைய வடிவம். அதற்கு வித்திட்டவர் ஸ்ரீநகரில் பிறந்த பிரதிமன் கிருஷண் காவ். பதினெட்டு வயதிலேயே டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவரானவர், பிரின்ஸ்டனில் பணியாற்றியவர், அங்கேயே இருந்துவிட முடிந்தும் திரும்பி வந்தவர். 1982இல் அகமதாபாத்தில் ஒரு சிறு திட்டமாய்த் தொடங்கியது, 1986இல் காந்திநகரை அடுத்த பாட் என்ற சிற்றூரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1989இல் அங்கே 'ஆதித்யா' எரிந்தது. சூரியனின் பெயர்! அதன் வளையத்தின் பெரிய ஆரம் 75 சென்டிமீட்டர். சிறிய ஆரம் 25. நம் வீட்டு முற்றத்தில் அடங்கும். மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட அடுத்த எந்திரம் 2013இல் பிளாஸ்மாவைக் கண்டது. பிரான்சில் உலக நாடுகள் கூடிக் கட்டுகின்ற 'ஈட்டர்' எந்திரத்தைப் போர்த்தியிருக்கும் 3,850 டன் குளிர்கலம் சூரத்தை அடுத்த ஹஜீராவில் துண்டு துண்டாய்ச் செய்யப்பட்டு, கடல்வழி சென்று, அங்கே பற்றவைக்கப்பட்டது. நியூட்ரான் அடியைத் தாங்குவதற்கான தனி எஃகை உருவாக்கும் பணியில் நம் கல்பாக்கத்திற்குப் பங்குண்டு. வளையமோ உருண்டையோ, எந்த வடிவம் வென்றாலும் இந்த எஃகும், இந்த வெற்றிடக் கலையும், இந்தக் காந்த வித்தையும் வேண்டும். ஆகவே குஜராத்தில் கற்பது வீண்போகாது என்று நாம் மச்சானுக்குச் சொன்னோம். அதுதான் நம் துணிபும்கூட.

அவர் விடவில்லை. சூரியனைச் சட்டிக்குள் அடைப்பானேன், மேலே இருக்கின்ற சூரியன் போதாதா, கமுதியில் மைல் கணக்கில் தகடு விரித்து மின்சாரம் எடுக்கின்றார்களே என்றார். நியாயமான கேள்வி. திண்டுக்கல் சமவெளியின் வெயிலை அனுபவித்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். இன்றைய தேவைக்குத் தகடும் காற்றாலையுமே வழி. அவற்றை ஒத்திவைத்துவிட்டு இணைவுக்காகக் காத்திருக்கச் சொல்பவன் ஏழையின் பகைவன் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் இரவு உண்டு. ஐப்பசி மேகம் உண்டு. காற்று உறங்கும் மாதங்கள் உண்டு. எஃகு ஆலைக்கும் மருத்துவமனைக்கும் அவை விடுமுறை கொடா. நிலக்கரியும் ஒருநாள் நிறுத்தப்பட வேண்டியதே. அந்நாளில் இந்த வித்தை கைவசம் உள்ள நாடு விற்கும்; இல்லாத நாடு வாங்கும். வாங்குகின்ற வரிசையில் நின்று பழகியவர்கள் நாம்.

இப்பேச்சு மூன்று இரவுகள் நடந்தது. முடிவில் மச்சானைத் திருப்பியது நம் வாதமன்று. ஆராய்ச்சி மாணவனுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டென்பதும், அதில் பாதியை வீட்டுக்கு அனுப்புவதாக மகன் சொன்னதும்தான். பட்டறைக் கடனை இரண்டு ஆண்டு தள்ளி வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். நிக்காஹ் தள்ளிப்போகவில்லை, எளிமையாக நடந்தது.

புறப்படும் நாளில் தங்கை நம்மைத் தனியே அழைத்தாள். அத்தனை நாளும் ஒன்றும் பேசாதிருந்தவள். "பத்துக் கோடி டிகிரிங்கிறீங்களே அண்ணே, எம்புள்ள அதுக்குப் பக்கத்துலயா நிக்கணும்?" என்றாள். உள்ளே எரிகின்ற வாயு காற்றைவிட இலட்ச மடங்குக்கும் மேலாக ஐதானது. பிரான்சில் எழும் அந்த மாபெரும் எந்திரத்திலும் ஒரு நேரத்தில் எரியப்போவது ஒரு கிராமுக்கும் குறைவு. பிடி தளர்ந்தால் வெடிக்காது, அணைந்துவிடும். எரியும் வேளையில் ஆட்கள் சுவருக்கு அப்பால் வேறு அறையில் இருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே சென்று, பையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டை வைத்தாள். அவன் அத்தா அந்த வாரம் இழைத்த மாங்காய்ப் பூட்டு, இரண்டு சாவிகளுடன். விடுதி அறைக் கதவுக்காம்.